குழந்தைகளின் சுப்ராகாண்டைலர் முறிவு (முழங்கைக்குச் சற்று மேலே மேல்கை எலும்பு முறிவது): நாடி இல்லை, கை சிவப்பாக இருக்கிறது – அடுத்து என்ன?

கேள்வி (எலும்பியல் முதுநிலை மாணவர், இரண்டாம் ஆண்டு):
மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். கீழே விழுந்து கையை ஊன்றிய ஐந்தாறு வயதுக் குழந்தைகள் இரவுப் பணியில் அடிக்கடி வருகிறார்கள். எக்ஸ்ரேயில் கார்ட்லாண்ட் மூன்றாம் வகை முறிவு (எலும்புத் துண்டுகள் முற்றிலும் விலகியது) தெரிகிறது; மணிக்கட்டில் நாடி தட்டுப்படவில்லை, ஆனால் கை வெதுவெதுப்பாகவும் சிவப்பாகவும் இருக்கிறது. முதலில் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டுமா, உடனே எலும்பைச் சேர்க்க வேண்டுமா? வலியில் அழும் குழந்தையிடம் நரம்புகளை எப்படிச் சோதிப்பது?

பதில் 1 (எலும்பியல் பேராசிரியர்):
ஆஞ்சியோகிராமுக்காகக் காத்திருக்க வேண்டாம். தமனி எந்த இடத்தில் அழுந்தியிருக்கும் என்பது முறிவைப் பார்த்தாலே தெரியும். பெரும்பாலான குழந்தைகளில் எலும்பைச் சரியாகச் சேர்த்தவுடனேயே நாடி திரும்பிவிடுகிறது. அறுவை அரங்கு தயாராகும்வரை முழங்கையை 20 முதல் 40 டிகிரி மடக்கத்தில் சிலாப் (ஒரு பக்க மாவுக்கட்டு) போட்டு வையுங்கள். அதற்கு மேல் மடக்கினால் தமனி இன்னும் நெருக்கப்படும். எலும்பைச் சேர்த்த பிறகும் நாடி வராமல், கை மட்டும் சிவப்பாக இருந்தால் வார்டில் உன்னிப்பாகக் கண்காணிக்கலாம். கை வெளுத்துக் குளிர்ந்திருந்தால் தாமதமின்றித் திறந்து பார்த்தே ஆக வேண்டும். சேர்ப்பதற்கு முன் இருந்த நாடி, சேர்த்த பின் மறைந்தால், முறிவுக்கிடையில் தமனி சிக்கியிருக்கிறதா என்று உடனே சந்தேகியுங்கள். தமனியை ஒட்டிச் செல்லும் மீடியன் நரம்பும் சேர்ந்து செயலிழந்திருந்தால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுப்பெறும்.

நரம்புச் சோதனைக்கு விளையாட்டே போதும். கட்டைவிரலை உயர்த்தச் சொன்னால் ரேடியல் நரம்பும், விரல்களை அகல விரிக்கச் சொன்னால் அல்நார் நரம்பும், கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொன்னால் மீடியன் நரம்பின் கிளையான முன் இன்டராசியஸ் நரம்பும் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். பின்னோக்கி நகர்ந்த முறிவுகளில் அதிகம் பாதிக்கப்படுவது கடைசியாகச் சொன்ன நரம்புதான்; அது தோலுணர்வைத் தருவதில்லை என்பதால், தொட்டுப் பார்த்து மட்டும் சோதிப்பவர் அதைத் தவறவிடுவார். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே இதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால், அறுவைக்குப் பின் தெரியும் பாதிப்பு விழுந்ததால் வந்ததா, எலும்பைப் பொருத்த நாம் செலுத்திய கம்பியால் வந்ததா என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

பதில் 2 (குழந்தைகள் எலும்பியல் மருத்துவர்):
கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிப்புறத்திலிருந்து விரிந்து செல்லும் இரண்டு கே-வயர்கள் (எலும்பைப் பொருத்தும் மெல்லிய கம்பிகள்) பெரும்பாலும் போதும். முறிவு அசைந்தால் மூன்றாவதையும் வெளிப்புறத்திலேயே போடலாம். உட்புறக் கம்பி தவிர்க்க முடியாததானால், முழங்கையைச் சற்று நீட்டி, சிறிய கீறல் வழியே எலும்பைக் கண்ணால் பார்த்துச் செலுத்துங்கள். மடக்கிய நிலையில் அல்நார் நரம்பு முன்னோக்கி நகர்ந்து கம்பியின் வழியில் வந்துவிடக்கூடும்.

பதில் 3 (மாவட்ட மருத்துவமனை எலும்பியல் மருத்துவர்):
நான் அதிகம் அஞ்சுவது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமுக்கு, அதாவது தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபடும் நிலைக்கு. மூங்கில் பட்டை வைத்து இறுக்கிய நாட்டுக் கட்டோடு, விரல்கள் வீங்கிய நிலையில், தாமதமாக வரும் குழந்தைகளை எங்கள் பகுதியில் இன்னும் பார்க்கிறோம். கட்டை முழுவதுமாகப் பிரித்த பிறகே மற்ற எதையும் தொடங்க வேண்டும். குழந்தைக்குத் தன் வலியை விவரிக்கத் தெரியாது. அமைதியின்மை, பதற்றம், முன்பு போதுமாயிருந்த வலி மருந்து இப்போது போதாமல் போவது ஆகிய மூன்றுமே எச்சரிக்கை. நாடி நன்றாக இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள், ஏனெனில் தசை அழியத் தொடங்கிய பிறகும் நாடி இருக்கும். விரல்களை மெதுவாக நீட்டும்போது குழந்தை அலறினால், இரவு எந்நேரமானாலும் மூத்தவரை எழுப்புங்கள். இதன் விளைவாக, 1881இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் வோல்க்மன் விவரித்த அந்தச் சுருங்கிய கையை ஃபேசியாட்டமியால் (தசை உறையைக் கீறி அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையால்) தடுக்க முடியும். வந்த பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விழும்போதே நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் பெற்றோரிடம் என்ன சொல்வது?

பதில் 1:
மூடிய முறிவுகளில் பெரும்பாலான நரம்புகள் சில மாதங்களில் தானாகவே மீள்கின்றன என்பதை அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் கம்பியை எடுக்க வரும்போது அதே மூன்று சோதனைகளையும் பெற்றோர் முன்னிலையில் மறுபடி செய்து, முதல் நாள் குறிப்போடு ஒப்பிட்டு எழுதுங்கள்.