காலையில் வாக்கிங், பகலெல்லாம் நாற்காலி: நடந்தது கணக்கில் சேருமா?

சிவகாசி_டிடிபி கேட்டது:

வயது 44. சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் டிசைனர். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டாகிவிடும். ஆடி 18-க்கு காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால் மார்கழி வரை நேரம் காலமே கிடையாது. முன்பெல்லாம் புரூஃபைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே மெஷினுக்கு இறங்கி, கலரைப் பார்த்துவிட்டு மாடியேறி வருவேன். இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் போகிறது. டீயும் மேஜைக்கே வந்துவிடுகிறது.

போன வாரம் எடுத்த டெஸ்ட்: வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.2, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 236. ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1. எடை 69 கிலோ, உயரம் 172 செ.மீ. பார்ப்பவர்கள் ஒல்லி என்பார்கள். ஆனால் வயிற்றுச் சுற்றளவு 97 செ.மீ.

டாக்டர், "மாத்திரை இப்போ வேண்டாம், உடம்பை அசைங்க" என்றார். தினமும் அரை மணி நேரம் நடக்கிறேனே சார் என்றேன். "மீதி நேரம்?" என்று கேட்டுவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அப்படியானால் காலையில் நடப்பது வீணா? (கசாயம் சிபாரிசு செய்பவர்கள் மன்னிக்கவும், ஏற்கெனவே வீட்டில் மூன்று பாட்டில் இருக்கிறது.)

நெல்லை_பிசியோ:

வீணெல்லாம் இல்லை. ஆனால் டாக்டர் கேட்டதும் சரிதான்.

சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. தொடையும் பின்பக்கமும்தான் உடம்பிலேயே பெரிய தசைகள். நாற்காலியில் அவை இரண்டும் சும்மா கிடக்கின்றன. தசை சுருங்கி விரியும்போது, குளூட்4 என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரையை உள்ளே வாங்கும். இதற்கு இன்சுலின்கூடத் தேவையில்லை. அசையாமல் இருந்தால் முழு வேலையும் இன்சுலின் தலையில் விழுகிறது. உங்கள் ட்ரைகிளிசரைடு 236 ஆனதிலும் இதற்குப் பங்குண்டு: ரத்தத்திலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தசைக்குத் தரும் நொதியின் வேலையும் உடம்பு அசையாவிட்டால் குறைந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் 2012-ல் ஓர் ஆய்வு வந்தது. உடல் பருமன் கூடுதலாக உள்ள 19 பேருக்கு இனிப்புப் பானம் கொடுத்து ஐந்து மணி நேரம் உட்கார வைத்தார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெதுவாக நடந்த நாளில், குடித்தபின் ஏறும் சர்க்கரை சுமார் கால்வாசி குறைந்தது.

எடையை விடுங்கள், வயிற்றைப் பாருங்கள். நம் ஊர் ஆண்களுக்கு 90 செ.மீ. தான் எல்லை.

மதுரை_கண்டக்டர் (ஓய்வு):

தம்பி, நம்ம தொழிலை வைத்துத்தான் இந்த ஆராய்ச்சியே ஆரம்பித்தது தெரியுமா? லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர், டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953-ல் எழுதினார். டபுள் டெக்கர் பஸ்ஸில் நாள் முழுக்கப் படி ஏறி இறங்கும் கண்டக்டருக்கு மாரடைப்பு குறைவு; சீட்டை விட்டு எழாத டிரைவருக்கு அதிகம். பிறகு அவரே யூனிஃபார்ம் அளவு நோட்டையும் எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேண்ட் இடுப்பு பெரிதாக இருந்தது. சேரும்போதே அப்படியா, சேர்ந்தபின் ஆனதா என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது, அது நியாயமான சந்தேகம்தான். மோரிஸ் மட்டும் 99 வயதுவரை இருந்தார்!

எங்கள் டெப்போவிலும் சர்க்கரை மாத்திரை டப்பா டிரைவர் பையில்தான் முதலில் வரும். டிரைவர் நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

கணக்குவாத்தியார்:

உட்கார்ந்தாலே ஆயுள் போச்சு என்று பயமுறுத்தவும் வேண்டாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்து 2016-ல் ஒரு கட்டுரை வந்தது. தினமும் 60 முதல் 75 நிமிடம் ஓரளவு வேகமாக உழைப்பவர்களுக்கு, 8 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தாலும் அதனால் மரண ஆபத்து கூடவில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் அவ்வளவு செய்கிறோம்?

நீங்கள் நிற்பது சர்க்கரைக்கு முந்தைய கட்டத்தில். இதே கட்டத்தில் இருந்தவர்களை வைத்துச் சென்னையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. மூன்று ஆண்டில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 சதவீதம். பாதிக்கூடக் குறையவில்லையே என்பீர்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் ஏறக்குறைய அவ்வளவுதான் குறைத்தது.

ஒன்று கேட்கிறேன்: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு அரசியல் பேச முடிகிறதா, பாட்டே பாட முடிகிறதா? பாட முடிந்தால் வேகம் போதாது.

சிவகாசி_டிடிபி:

அரசியலா, பட்டிமன்றமே நடத்துவோம். சரி, வேகத்தைக் கூட்டுகிறேன். நேற்று முதல் புரூஃபை நானே கீழே கொண்டுபோகிறேன். மெஷின்மேன் பதறிப்போய், "என்னண்ணே, மெஜந்தா தூக்கலா வருதா?" என்கிறார். மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் தெருவில் நடக்கலாமா? எப்போது மறுபடி டெஸ்ட் எடுப்பது?

நெல்லை_பிசியோ:

தாராளமாக நடக்கலாம், சாப்பிட்டபின் நடப்பதுதான் உங்களுக்கு நல்ல பலன் தரும். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் சேருங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினால் போதும். ஹெச்பிஏ1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி, அதற்கு முன் எடுத்துக் காசை வீணாக்க வேண்டாம். ட்ரைகிளிசரைடுக்கு ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள்.