மாமரப் பொந்துத் தண்ணிக்குள்ள வால் நீண்ட புழு: நுளம்போ?

செம்மண்:
கறுத்தக்கொழும்பான் மரம். கவட்டில ஒரு பொந்து, ஒரு சாண் ஆழம். மாரித் தண்ணி தேங்கி, இலை அழுகி, சாயத் தேத்தண்ணி நிறத்தில கிடக்கு. அடிச்சேத்துக்குள்ள சாம்பல் நிறப் புழுக்கள், ஒவ்வொண்டுக்கும் உடம்பைவிட நீளமான வால். டெங்குச் சோதனைக்கு ஆக்கள் வர முதல் மண்ணெண்ணெய் ஊத்தலாமோ?

பூச்சிப்பெட்டி:
நுளம்பில்லைத் தம்பி. அந்தரத்தில நிண்டு பறக்குமே, அந்தப் பூ இலையானின்ர குடம்பி. வால் எண்டு தெரியுறது மூச்சுக்குழல். புழு அடியில கிடந்தபடி நுனியை மட்டும் தண்ணிக்கு மேல நீட்டும், தண்ணி ஏற ஏறக் குழலும் நீளும். ஒட்சிசன் இல்லாத அழுகலில தப்புறது அதாலதான். தீனி பற்றீரியா. நுளம்புக் குடம்பியெண்டால் மேற்பரப்பில தலைகீழாத் தொங்கும், நிழல் பட்டால் நெளிஞ்சு கீழ ஓடும்.
வளந்தது தேனீ மாதிரி இருக்கும், ஆனா ஒரு சோடி செட்டைதான், கொட்டாது. பூ இலையானில எரிஸ்டலினஸ் எண்ட வகையெண்டால் கண்ணில புள்ளியோ வரியோ இருக்கும்.

கவட்டுக்கிளை:
மண்ணெண்ணெய் வேண்டாம், இதுகளும் மூச்சடைச்சுச் சாகும். ஆனா நல்ல புழுதானே எண்டு பொந்தை அப்பிடியே விடவும் ஏலாது. இது நுளம்புக் குடம்பியைத் தின்னாது. டெங்கு பரப்புற ஈடிஸ் அல்போபிக்டஸ் மரப்பொந்திலயும் முட்டையிடும், வெக்கைக்கு ஏழு பத்து நாளில பறந்திடும்.
கிழமைக்கொருக்கா றப்பர் குழாயால தண்ணியை இழுத்து, தேத்தண்ணி வடியில வடியுங்கோ. வால்புழுவைச் சேத்தோட திருப்பி விடலாம், ஈரச்சேறே அதுக்குக் காணும். வடிச்ச தண்ணி காய்ஞ்ச மண்ணில போகட்டும், கானுக்குள்ள வேண்டாம். பிறகு பழைய பிரஷால உள்சுவரைத் தேய்க்க வேணும். நுளம்பு முட்டை நீர்மட்டத்துக்கு மேல ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் சாகாது. கனபேர் விடுற இடம் இதுதான்.
இவ்வளவுக்கு நேரமில்லாட்டி பொந்தை விளிம்பு வரைக்கும் மணல் போட்டு நிரப்புங்கோ. சீமெந்து கூடாது, மரம் பருக்க வெடிச்சுப் பின்னால தண்ணி இறங்கும். ஓட்டை துளைச்சு வடிய விட்டால் உக்கல் நல்ல மரத்துக்கும் பரவும்.

வன்னிக்காடு:
இங்கிலாந்துக் காடுகளில மையத்ரோப்பா ஃபுளோரியா எண்ட இனம் இப்பிடித்தான் மரப்பொந்தில வளரும். அங்க போத்தலுக்குள்ள மரத்தூள், இலை, தண்ணி விட்டு நிழலில வைச்சு வளர்க்கினம். அதைப் பாத்து இங்க செய்யாதேங்கோ. இலையான் போற வாயால நுளம்பும் போகும்.

செம்மண்:
மணல்தான் போடப்போறன். புழுவை எங்க விடுறது?

பூச்சிப்பெட்டி:
மாட்டுக் கொட்டில் சாணித்தண்ணிக் கானில. முதிர்ந்ததெண்டால் ஈர உக்கல் குப்பையில வையுங்கோ, தானா உள்ள போய்க் கூட்டுப்புழுவாகும்.