மத்தேயு 22:37–39 சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது? (எஸ்டேட் சண்டே ஸ்கூல்)

கேள்வி: தேயிலைமேடு

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் சபையின் சண்டே ஸ்கூலுக்காகக் கேட்கிறேன். 22 பிள்ளைகள், வயது 5 முதல் 13 வரை. ஒரே அறை, இரண்டு ஆசிரியர்கள். ஆராதனைக்கு முன்னால் 45 நிமிடம் கிடைக்கும். வரும் மாதம் நான்கு வாரமும் மத்தேயு 22:37–39தான் பாடம்: கர்த்தரிடத்தில் முழு இருதயத்தோடும் ஆத்துமாவோடும் மனதோடும் அன்புகூரு, உன்னிடத்தில் அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூரு என்று இயேசு சொல்லும் பகுதி.

வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். ஒப்பித்த கையோடு வாசலில் செருப்பு மாட்டும் இடத்தில் சின்னவர்களைத் தள்ளிவிடுகிறார்கள். கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் மூன்று பேர் ஆறு வாரமாக வருகிறார்கள். அவர்கள் உட்காரும் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை.

"அன்பா இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லே தேய்ந்துவிட்டது. ஐந்து வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் சேர்த்து இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது? நடிப்பு, கைவேலை என்றால் என்ன பொருள் வேண்டும்? நற்செயல் சார்ட் ஒட்டி ஸ்டார் கொடுக்கலாமா?

பதில்: பழைய வேதாகமம்

முதலில் பிள்ளைகள் தடுக்கி விழும் மூன்று சொற்களைச் சரிசெய்யுங்கள். வசனம் வாயோடு நின்றுவிடுவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஒன்று, "கற்பனை". பள்ளிக்கூடத்தில் கற்பனை என்றால் மனதில் இட்டுக்கட்டும் கதை. "பிரதான கற்பனை" என்று கேட்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை, இயேசு ஏதோ பெரிய கதை சொன்னார் என்று எடுத்துக்கொள்ளும். "கட்டளை" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது "அன்புகூருவாயாக". கூர்தல் என்றால் மிகுதல். சின்னவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பென்சில் கூர்தான். ஒரு தட்டில் டம்ளரை வைத்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு வரை வந்ததும் நிறுத்தி, "இப்போ நிறைஞ்சிருக்கு" என்று சொல்லுங்கள். இன்னும் ஊற்றி வழியவிட்டு, "இதுதான் கூருறது" என்று காட்டுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல்: "பிறன்". வீட்டில் யாரும் இந்தச் சொல்லைப் பேசுவதில்லை. "பிறத்தியார்" என்றால் நமக்குச் சம்பந்தமில்லாதவர் என்றே கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் இதே இடத்தில் "உனக்கு அடுத்திருப்பவர்" என்று வருகிறது. லைன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர் வரிசைவீட்டில்) வளரும் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே சுவர், அடுத்த வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். மனப்பாடத்துக்கு உங்கள் சபையின் வேதாகமத்தில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள், வசனப் போட்டியில் அதைத்தான் கேட்பார்கள். விளக்கும்போது "அடுத்திருப்பவர்" என்று சொல்லுங்கள்.

37-ஆம் வசனத்தில் மனனம் செய்ய 13 சொற்கள். "உன் முழு" மூன்று முறை வருவதால் இருதயம், ஆத்துமா, மனது இடம் மாறிப்போகும். இருதயத்துக்கு நெஞ்சில் கை, ஆத்துமாவுக்கு மூச்சை இழுத்துவிடுவது, மனதுக்கு நெற்றியில் விரல் என்று சைகை வைத்தால் குழம்பாது. ஐந்தாறு வயதுக்கு முழு வசனம் வேண்டாம். "கர்த்தரிடத்தில் அன்புகூருவாயாக" போதும். 11 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உபாகமம் 6:5, லேவியராகமம் 19:18, மாற்கு 12:30 மூன்றையும் கொடுத்து, எந்தச் சொல் எங்கிருந்து வந்தது, மத்தேயுவைவிட மாற்குவில் எது கூடுதல் என்று தேடச் சொல்லுங்கள். "பலம்" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஐந்தாம் புத்தகத்தில் ஒன்றும் மூன்றாம் புத்தகத்தில் ஒன்றுமாக இருந்த இரண்டு கட்டளைகளை இயேசு பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புதிதாகத் தெரியும்.

பதில்: சத்திரத்துக்காரர்

நடிப்புக்கு லூக்கா 10:30–37 எடுத்துக்கோங்க. கள்ளர் அடிச்சுப் போட்ட ஒருத்தனை ஆசாரியனும், ஆலய ஊழியனான லேவியனும் பார்த்துட்டு விலகிப்போக, சமாரியன் ஒருத்தன் காப்பாத்திச் சத்திரத்துல சேர்க்கிற கதை. நல்ல சமாரியன் கதையை எல்லாருக்கும் தெரியும்னு நாம விட்டுடறோம். தெரிஞ்ச கதையா இருக்கிறதுதான் அதுல உள்ள பிரச்சினை. பிள்ளைங்களுக்கு "சமாரியன்"னாலே நல்லவன். யூதரும் சமாரியரும் சம்பந்தம் கலக்காதவங்கன்னு யோவான் 4:9-ல இருக்கிறதை முதல்ல சொல்லலைன்னா கதையில திடுக்கிடறதுக்கு ஒண்ணுமே இல்லை.

அடிபட்டவன் எருசலேம்ல இருந்து எரிகோவுக்கு இறங்கின வழியைப் பத்தி ஒரு நிமிஷம் சொல்லுங்க. எருசலேம் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 750 மீட்டர் மேலே, எரிகோ ஏறக்குறைய 250 மீட்டர் கீழே. சுமார் 27 கிலோமீட்டர்ல ஆயிரம் மீட்டர் இறக்கம். கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குற ரோடு 33 கிலோமீட்டர் இருக்கும். அந்த மலை ரோட்டு வளைவுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு, வளைவுக்குப் பின்னால யார் நிக்கிறான்னு தெரியாத பயம் சொல்லாமலே புரியும். ஒரே வித்தியாசம், அங்கே மரமும் மஞ்சும் இல்லை, வறண்ட பாறை.

பொருள்: பழைய நாலு முழ வேட்டி ஒண்ணு. நீளவாக்குல மூணு இஞ்ச் அகலத்துக்குக் கிழிச்சா பதினைஞ்சு பட்டி கிடைக்கும், ரெண்டு பிள்ளைக்கு ஒண்ணு கொடுத்துக் கட்டிப் பழகச் சொல்லலாம். எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். காலையில நம்ம குளிருக்கு உறைஞ்சு கட்டியா நிக்கும், ஊத்த வராது. நல்லெண்ணெய் ஒரு சின்னக் கிண்ணம் போதும். திராட்சரசத்துக்குப் பால் சேர்க்காத ஆறின டீத்தண்ணி. ரெண்டு நாணயம். தரையில விரிக்க நாலு சாக்கு, சிமெண்ட் தரை சில்லுனு இருக்கும், விழுந்தா முட்டி பேர்ந்துடும்.

நடத்தும்போது கெட்டுப்போற இடம் கள்ளர் காட்சி. எல்லாரும் கள்ளனாகத்தான் வருவேன்னு நிப்பாங்க, அடிக்கிறது நிஜமாயிடும், பதினைஞ்சு நிமிஷமும் அதுலயே போயிடும். கள்ளர் மூணு பேர், 30 விநாடி, கையில ஒண்ணும் இருக்கக்கூடாது, தொடக்கூடாது. ஆசிரியர் கை தட்டினதும் சிலையா நிக்கணும். அடிபட்டவன் வேஷத்தை நலிஞ்ச பிள்ளைக்கோ புதுசா வந்த பிள்ளைக்கோ கொடுக்காதீங்க, வாரம் முழுக்கக் கேலி பேசுவாங்க. எல்லாருக்கும் பிடிச்ச ஒரு ஒன்பது வயசுப் பையனுக்குக் கொடுங்க. கழுதைக்குப் பெரிய பிள்ளைங்க ரெண்டு பேர் மணிக்கட்டைக் கோர்த்துக் கைநாற்காலி போட்டா தூக்கிட்டு நாலடி நடக்கலாம்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். சமாரியனுக்கு ஈடா நம்ம ஊர்ல உள்ள எந்தச் சாதியையும், எந்த மலைச் சமூகத்தையும், எந்த ஊர்க்காரங்களையும் பேர் சொல்லிக் காட்டாதீங்க. அந்தச் சமூகத்துப் பிள்ளை அதே பெஞ்சுல உட்கார்ந்திருக்கும். "நீ பேசாம இருக்கிற ஒருத்தர்" அப்படின்னா போதும், அவங்கவங்க மனசுல ஒரு முகம் வரும்.

நடிப்பு முடிஞ்சதும் 33, 34 வசனத்தை வாசிச்சு, சமாரியன் செஞ்சதை விரல்விட்டு எண்ணச் சொல்லுங்க. கண்டு, மனதுருகி, கிட்டவந்து, வார்த்து, கட்டி, ஏற்றி, கொண்டுபோய், பராமரித்தான். எட்டு. அப்புறம் ஆசாரியனும் லேவியனும் செஞ்சதைக் கேளுங்க. அவங்களும் "கண்டு". முதல் விரல் மூணு பேருக்கும் பொது, ரெண்டாவது விரல்லதான் பிரியறாங்க. இதைப் பிள்ளைங்க வாயால வரவிடுங்க, நீங்க முந்திக்காதீங்க.

சமாரியன் சத்திரக்காரனுக்குக் கொடுத்த அந்த ரெண்டு பணம்? மத்தேயு 20:2-ல தோட்டக் கூலி நாளுக்கு ஒரு பணம். அப்போ ரெண்டு நாள் கூலி. "அம்மா ரெண்டு நாள் கொழுந்து பறிச்ச சம்பளத்தை முன்னப்பின்ன தெரியாத ஒருத்தருக்குக் கொடுத்துட்டு வந்தா வீட்டுல என்ன சொல்லுவாங்க?"ன்னு கேட்டுட்டு நிறுத்துங்க. பெரிய பிள்ளைங்களுக்கு அந்த அமைதி வேணும், அவசரப்பட்டு பதில் சொல்லிடாதீங்க.

நேரம்: பாட்டு 5, கதை 10, நடிப்பு 15, எண்ணிப் பேசுறது 10, ஜெபமும் வார வேலையும் 5.

பதில்: விளக்குத்தண்டு

சத்திரத்துக்காரர் சொன்ன முறை நல்லது. ஆனால் அதை முதல் வாரத்தில் வைக்காதீர்கள். நான்கு வாரமும் "அடுத்தவருக்கு உதவு" என்றே போனால், சண்டே ஸ்கூல் நீதிபோதனை வகுப்பாகிவிடும். பிள்ளைகளும் முயன்று பார்த்து, முடியாமல் போனதும் குற்றவுணர்வோடு உட்காருவார்கள். முதல் பதிலில் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்களே, ஊற்றுவது யார் என்று சொல்லாமல் விட்டுவிடக்கூடாது. 1 யோவான் 4:19-இன்படி அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தார். முதல் வாரம் முழுக்க இது ஒன்றே போதும். இரண்டாம் வாரம் 37-ஆம் வசனம், மூன்றாம் வாரம் சமாரியன். நான்காம் வாரம் 1 யோவான் 4:20. சகோதரனைப் பகைத்துக்கொண்டு தேவனிடத்தில் அன்புகூருகிறேன் என்று சொல்ல முடியாது. வாசலில் தள்ளிவிடுவதைப் பற்றி அன்றைக்குப் பேசுங்கள்.

கடவுளிடம் அன்புகூருவதை ஒரு பிள்ளை எப்படிச் செய்யும்? பாடம் பெரும்பாலும் இங்கேதான் மங்கலாகிவிடுகிறது. செய்யக்கூடியதாக இரண்டைக் கொடுங்கள். சொந்த வார்த்தையில் மூன்று வாக்கிய ஜெபம்: இன்றைக்கு எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு, யாருக்காக வேண்டுதல். பெரியவர்களின் நீண்ட ஜெபத்தை அப்படியே சொல்லும் பிள்ளையைப் பாராட்டாதீர்கள். மற்றவர்களும் அதையே செய்வார்கள். இரண்டாவது காணிக்கை. வாசலில் அப்பா திணிக்கும் நாணயத்தைப் பெட்டியில் போடும் பிள்ளை எதையும் கொடுக்கவில்லை. சமைக்கும்போது காணிக்கைக்கு ஒரு பிடி எடுத்துவைக்கும் பிடியரிசி போல, வாரத்தில் ஒரு நாள் தன் பங்கிலிருந்து தானே எடுத்துவைத்த ஏதாவது ஒன்று, அது இரண்டு கேரட்டாக இருந்தாலும், அதைக் கொண்டுவரட்டும். வீட்டில் கஷ்டமுள்ள பிள்ளை வெறுங்கையோடு வந்தால் யாரும் கேட்கக்கூடாது. எல்லோரும் மூடின துணிப்பையில் போட்டால் யார் கொண்டுவந்தது என்று தெரியாது.

"சேட்டை பண்ணினா சாமி அடிக்கும்" என்ற பேச்சை ஆசிரியர்கள் இருவரும் அடியோடு நிறுத்த வேண்டும். பயத்தில் அடங்கின பிள்ளையை அன்புள்ள பிள்ளை என்று நாம் தப்பாக எண்ணிக்கொள்கிறோம்.

ஸ்டார் சார்ட் வேண்டாம். இரண்டாம் வாரமே செய்யாததைச் செய்ததாகச் சொல்லத் தொடங்குவார்கள். வீட்டில் வேலை அதிகமுள்ள பிள்ளை பின்தங்கும். மத்தேயு 6:3-இல் வலதுகை செய்வதை இடதுகை அறியவேண்டாம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சுவரில் பெயர் எழுதி ஒட்டினால் நாமே அதை அழிக்கிறோம்.

பதில்: இரண்டிலை மொட்டு

சார்ட் பற்றி ஒரு சின்னத் திருத்தம். ஐந்தாறு வயசுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும். பெயர் இல்லாமல் செய்யலாம். ஒரு சணல் சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டு, அதில் சாக்பீஸால் தேயிலைச் செடியின் கிளை வரையுங்கள். பழைய நோட்டு அட்டையில் இரண்டு இலையும் மொட்டுமாகக் கொழுந்து வெட்டி, பச்சை கிரேயான் பூசி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். வாரத்தில் யாருக்காவது ஒன்று செய்த பிள்ளை வந்ததும் ஒரு கொழுந்தை எடுத்துத் தானே கிளையில் மாட்டும். யார், என்ன, எத்தனை என்று கேட்க வேண்டாம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே செடி.

பசை வேண்டாம். மழை மாதத்தில் ஃபெவிகால் ஆராதனை முடியும்வரை ஈரமாகவே இருக்கும், அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். செல்லோ டேப் சுண்ணாம்புச் சுவரில் மறுநாளே உரிந்துவிடும். சார்ட் பேப்பர் மஞ்சுக்குத் துவண்டு மடியும். சாக்கில் குண்டூசிக்குப் பதில் துணி கிளிப்போ நூலோ பயன்படுத்துங்கள். தெர்மாகோல், பிளாஸ்டிக் தோரணம் எதுவும் வாங்காதீர்கள், நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை இருக்கிறது.

வார வேலை கொடுக்கும்போது "நல்லது செய்" என்று விடாதீர்கள். யாருக்கு, என்ன, எந்த நாள் என்று மூன்றையும் பிள்ளை சொல்லிவிட்டுப் போக வேண்டும். "பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு, ஒரு குடம் தண்ணி, சனிக்கிழமை காலையில." மாலை ஐந்து மணிக்கு மேல் வெளியே போகிற வேலை எதுவும் கூடாது. தேயிலைக்குள் காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம். தெரியாதவர் வீட்டுக்குள் தனியாகப் போகும் வேலையும் கூடாது.

தேயிலைமேடு

எல்லோருக்கும் மிகவும் நன்றி. வாரங்களின் வரிசையை விளக்குத்தண்டு சொன்னபடியே மாற்றிக்கொள்கிறோம். அந்த மூன்று பிள்ளைகளுக்குத் தமிழ் இன்னும் வரவில்லை. சமாரியன் பாடம் நடக்கும்போது எல்லோரும் திரும்பி அவர்களைப் பார்ப்பார்களோ என்று கவலையாக இருக்கிறது.

பதில்: பழைய வேதாகமம்

அந்தக் கவலை நியாயமானது. பாடத்தில் அவர்களை உதவி பெறுகிறவர்களாகக் காட்டாதீர்கள். முதலில் அவர்கள் வீட்டில் விசாரியுங்கள். ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூர் பகுதியில், ஜெர்மனியின் கோஸ்னர் மிஷனரிகள் 1845-லேயே ராஞ்சிக்கு வந்துவிட்டார்கள். பல தலைமுறையாகச் சபையில் வளர்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். இந்த வசனம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். இந்தி வாசிக்கத் தெரிந்த பிள்ளையானால் 39-ஆம் வசனத்தை இந்தியில் வாசிக்கச் சொல்லுங்கள். நம்முடைய "பிறன்" அங்கே "படோசி". பக்கத்து வீட்டுக்காரர் என்று பொருள். அந்தச் சொல்லை அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும், தமிழ்ப் பிள்ளைகள் பதிலுக்கு "அடுத்திருப்பவர்" என்று சொல்லிக்கொடுக்கட்டும். இதை முதல் வாரத்திலேயே செய்துவிட்டால் மூன்றாம் வாரம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பெஞ்சுக்கு ஒரே வழி, இடத்தை நீங்களே போடுவது. வாசலில் எண் சீட்டு கொடுத்து வாராவாரம் மாற்றுங்கள், மூவரையும் மூன்று பெஞ்சில் பிரிக்காமல் இருவராவது சேர்ந்திருக்கும்படி பாருங்கள். பேசத் துணையில்லாமல் போனால் அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

பதில்: சத்திரத்துக்காரர்

செருப்பு இடத்துல தள்ளுறதுக்குப் பாதிக் காரணம் நெரிசல். 22 பேரை ஒரே நேரத்துல விடாதீங்க. ஒரு பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளைன்னு சோடி சேர்த்து, நாலு நாலு பேரா அனுப்புங்க. சின்னதுக்குச் செருப்பு வார் மாட்டி, குடையை விரிச்சுக் கையில கொடுத்த பிறகுதான் பெரியது தன் செருப்பைத் தேடணும். அஞ்சு நிமிஷம் கூடுதலா ஆகும், அதனால அந்த அஞ்சு நிமிஷப் பாட்டை விட்டுடுங்க.