ஸ்க்ரீமரும் மஃபும் பேரலல்: இன்வெர்ட்டர் கட்டாயமாம்!

ஈயப்புகை:
கிடார் ஒலியைக் கரகரப்பாக்கும் இரண்டு பெடல்களைப் பற்றி ஆறாம்கம்பி நேற்று ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார்: "டியூப் ஸ்க்ரீமரையும் பிக் மஃபையும் ஒரே பெடலில் பேரலலாக (சிக்னலைப் பிரித்து இரண்டிலும் விட்டுக் கடைசியில் சேர்த்து) போட்டால் ஃபேஸ் கவிழ்ந்து (ஒன்றின் அலை மேலே போகும்போது மற்றது கீழே போய்) பேஸ் (தாழ்ந்த ஒலி) செத்துவிடும். மஃப் பக்கம் இன்வெர்ட்டர் (சிக்னலைத் தலைகீழாக்கும் சுற்று) கட்டாயம்." இதை நம்பி எத்தனை பேர் தேவையில்லாத ஐசியைச் சொருகப் போகிறார்களோ! மஃபில் நாலு டிரான்சிஸ்டர். நாலும் காமன் எமிட்டர் என்ற வகை இணைப்பு. ஒவ்வொன்றும் சிக்னலை ஒருமுறை கவிழ்க்கும். நாலு முறை கவிழ்த்தால் நிமிர்ந்துதான் வெளியே வரும். ஸ்க்ரீமரில் ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி) நான்-இன்வெர்ட்டிங், முன்னும் பின்னும் எமிட்டர் ஃபாலோயர்; இரண்டுமே கவிழ்க்காத வகை. அதுவும் நிமிர்ந்தே வருகிறது. அப்புறம் எதற்கு ஐயா இன்வெர்ட்டர்?

ஆறாம்கம்பி:
காகிதத்தில் எண்ணுகிறவருக்கு வணக்கம். நான் காதால் கேட்டதைச் சொன்னேன். தனித்தனியாக வாசித்தால் இரண்டும் கொழுகொழுவென்று இருக்கின்றன. சேர்த்து வாசித்தால் தடித்த இ கம்பியைக் காணவில்லை, நடுவில் மட்டும் கத்துகிறது. ஃபேஸ் இல்லாமல் வேறென்ன?

ஈயப்புகை:
நாலு டிரான்சிஸ்டர். நாலு இரட்டைப்படையா ஒற்றைப்படையா?

புதுக்கை:
அண்ணே, எந்த மஃப்? 70களின் கடைசியில் ஆப்-ஆம்ப் வைத்த மஃபும் வந்ததே. அதில் இந்தக் கணக்கு ஓடாதே?

ஆறாம்கம்பி:
சரி, எண்ணிக்கையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மஃபின் டோன் பகுதியில் ஒரு கை லோ-பாஸ் (தாழ்ந்த ஒலியை விடுவது), இன்னொரு கை ஹை-பாஸ் (உயர்ந்த ஒலியை விடுவது). ஸ்க்ரீமரில் 4.7கே (4,700 ஓம்) ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெய்னைக் (பெருக்கும் அளவை) குறைக்கின்றன. இத்தனை வடிகட்டி இருக்கும்போது ஃபேஸ் அசையாமல் நிற்குமா?

ஈயப்புகை:
அசையட்டும். முழுக்கக் கவிழும் அளவுக்கு 180 டிகிரி வருமா? வராது. நாலு டிரான்சிஸ்டர்.

பழையவால்வு:
இவ்வளவு சண்டையில் அவுட்புட்டை எப்படிச் சேர்த்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்க்ரீமரில் வால்யூமுக்குப் பிறகு ஒரு பஃபர் (சிக்னல் இழுபடாமல் காக்கும் பகுதி) இருக்கிறது, அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (வெளிப்பக்கத் தடை) சில நூறு ஓம் இருந்தால் அதிகம். மஃபில் கடைசியில் இருப்பதே 100கே வால்யூம் பாட்தான் (திருகும் ரெசிஸ்டர்), பின்னால் பஃபர் கிடையாது. இரண்டையும் நேராக முறுக்கினால் மஃபின் சிக்னல் முழுக்க ஸ்க்ரீமரின் பஃபர் வழியாகக் கிரவுண்டுக்குப் போய்விடும். பேஸ் கொடுப்பது மஃப். மஃப் செத்தால் பேஸும் போகும்.

ஆறாம்கம்பி:
நேராக முறுக்க நான் என்ன சின்னப் பையனா? ஆளுக்கொரு ரெசிஸ்டர் போட்டுத்தான் சேர்த்தேன்.

பழையவால்வு:
எவ்வளவு?

ஆறாம்கம்பி:
1கே.

ஈயப்புகை:
1கே! போன மாதம் என் போர்டு படத்தைப் பார்த்து "இது சால்டரா, மென்று துப்பிய சூயிங்கமா" என்று கேட்டவர் இவர்தான். ஐயா, மஃப் வால்யூம் பாதியில் நிற்கும்போது அந்த வைப்பரிலிருந்து (பாட்டின் நகரும் முனை) பார்த்தால் தடை 25கேக்கு மேல். எதிரே உங்கள் இரண்டு 1கேயும் ஒரு பஃபரும். மஃபின் சிக்னலில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆப்-ஆம்ப் மிக்ஸர் போடுங்கள்: மஃபுக்குப் பின்னால் ஒரு பஃபர், பிறகு பக்கத்துக்கு ஒரு 100கே, ஃபீட்பேக்கில் ஒரு 100கே. கூட்டல் புள்ளி வர்ச்சுவல் கிரவுண்ட் (கிரவுண்ட் போலவே அசையாமல் நிற்கும் புள்ளி) என்பதால் ஒன்று மற்றதை இழுக்காது. இரண்டும் சேர்ந்தே கவிழ்வதால் கவலையும் இல்லை.

ஆறாம்கம்பி:
ஆகா, "கவிழ்வதால்"! கடைசியில் இன்வெர்ட்டர் வந்துவிட்டதா இல்லையா? நேற்று நான் சொன்னதும் இதுதானே?

ஈயப்புகை:
நீங்கள் சொன்னது மஃப் பக்கம் மட்டும்! நான் சொல்வது இரண்டுக்கும் பொதுவாக! மஃப் பக்கம் மட்டும் போட்டால்தான் நீங்கள் பயந்த பேஸ் இழப்பு நிஜமாகவே வரும். நாலு டிரான்சிஸ்டரை ஐந்தாக்கியது போல ஆகிவிடும்.

பழையவால்வு:
இன்புட் பக்கமும் பாருங்கள். மஃபின் நுழைவாயிலில் 39கே வரிசையில் நிற்கிறது. கிடாரின் பிக்கப்பை (கம்பி அதிர்வைப் பிடிக்கும் சுருள்) நேராக இரண்டுக்கும் பிரித்தால் மஃப் அதன் டிரெபிளை (உயர்ந்த ஒலியை) இழுத்துவிடும், ஸ்க்ரீமரும் அந்த மங்கலைத்தான் கேட்கும். முன்னால் 1மெக் (பத்து லட்சம் ஓம்) பஃபர் ஒன்று வேண்டும்.

ஆறாம்கம்பி:
பஃபர், மிக்ஸர், இன்னொரு பஃபர். பெட்டியில் பேட்டரிக்கு இடம் இருக்குமா? இதற்கு ஒன்றின் பின் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போகலாமே.

ஈயப்புகை:
போடுங்கள், இரண்டாவது கிளிப்பர் (அலையின் தலையை வெட்டும் பகுதி) முதலாவதை நசுக்கட்டும். பேரலலில் ஸ்க்ரீமரின் மிட் (நடு ஒலி), மஃப் பள்ளம் விட்ட இடத்தில் போய் உட்காரும். அது கேட்காத காதுக்கு இன்வெர்ட்டர் போட்டும் பயனில்லை.

புதுக்கை:
மிக்ஸருக்கு ஆப்-ஆம்ப் ஐசி டிஎல்072 போதுமா, 4558தான் வேண்டுமா?

பழையவால்வு:
டிஎல்072.

ஆறாம்கம்பி:
4558. அதில் ஒரு வெதுவெதுப்பு உண்டு.

ஈயப்புகை:
சும்மா கூட்டிக் கொடுக்கிற ஐசியில் வெதுவெதுப்பா! இதே ஆள்தான் ஜெர்மானியம் டயோடு என்று சொல்லி 1என்914 என்ற சிலிக்கான் டயோடின் படத்தைப் போட்டவர்.

ஆறாம்கம்பி:
அந்தப் படம் வேறு போர்டு. பேச்சை மாற்றாதீர்கள். பேஸ் போனது உண்மை, கவிழ்ந்ததும் உண்மை.

ஈயப்புகை:
நாலு டிரான்சிஸ்டர். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) இரண்டு சானலையும் வைத்து, 200 ஹெர்ட்ஸ் சைன் விட்டு, கவிழ்ந்திருப்பதைப் படம் எடுத்துப் போடுங்கள். அதுவரை நான் இதே வரியைத்தான் எழுதுவேன்.

ஆறாம்கம்பி:
என் காதுக்கு ஸ்கோப் தேவையில்லை.