"இன்ஜின் பழுது" என்று கேட்ட வியாழக்கிழமை: தங்கச்சிமடம் குடும்பக் குழு

வியாழன், காலை 5:48

ஸ்டெல்லா அத்தை: ஜெரால்டு கரைக்கு வந்துவிட்டானா? யாராவது பதில் போடுங்கள். இரவெல்லாம் கண்ணை மூடவில்லை

ரோஸ் பெரியம்மா: மாதாவே

டெனிஸ்: என்ன ஆச்சு அத்தை

ஸ்டெல்லா அத்தை: இன்ஜின் பழுதாகி எல்லைப் பக்கம் படகு நிற்கிறதாம். வயர்லெஸில் அவனே சொன்னானாம். அருள் அதைக் கேட்டுவிட்டு பொண்டாட்டிக்கு போன் போட்டிருக்கிறான், அவள் என்னிடம் ஓடி வந்தாள்

டெனிஸ்: எல்லைப் பக்கமா??

ரோஸ் பெரியம்மா: நேவிக்காரன் பிடித்துவிட்டானா

செல்வி சித்தி: ஒன்றும் இல்லை. நாலு மணிக்கே வந்துவிட்டான். இறால் பிரித்துக்கொண்டிருக்கிறான். இன்ஜின் நன்றாக ஓடுகிறது

செல்வி சித்தி: மதினி, இதை யாரிடமெல்லாம் சொன்னீர்கள்

ஸ்டெல்லா அத்தை: யாரிடமும் இல்லை. சூசை அண்ணனிடம் மட்டும் ஜெபிக்கச் சொன்னேன்

செல்வி சித்தி: ஜெரால்டுக்குப் பார்த்திருக்கிற பெண்ணோட அப்பாவிடமா

ரீட்டா: அத்தை!!!

ஸ்டெல்லா அத்தை: நல்ல மனுஷன். உடனே பூசைக்குக் காசு கொடுத்திருக்கிறார்

ரீட்டா: நிச்சயத்துக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. அதற்குள் அவனைச் சிறைக்கு அனுப்பி, பூசையும் வைத்தாச்சு

மரியதாஸ் சித்தப்பா: வந்தாச்சு

டெனிஸ்: சித்தப்பா, நாங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டோம்

6:40

லூர்து மாமா: அனைவருக்கும் காலை வணக்கம். இன்ஜின் பழுது இல்லை என்று செய்தியைக் கேட்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பழுதானவன் பழுது என்று ஒரு முறை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கமாட்டான், நிமிடத்துக்கு ஒரு முறை இடம் சொல்லிக் கத்துவான். ஜெரால்டு, நீ வயர்லெஸில் பேசியதை ஒரு எழுத்து விடாமல் இங்கே எழுது.

ஜெரால்டு: பக்கத்துப் படகின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது மாமா. கயிறு கட்டி இழுத்து வந்தேன். நேரமாகும் என்று அப்பாவிடம் சொல்லச் சொல்லி அருள் அண்ணனைக் கூப்பிட்டேன். "இழுத்துக்கிட்டு வர்றேன், எங்க இன்ஜின் பழுது இல்ல". அவ்வளவுதான் சொன்னேன்

டெனிஸ்: அந்த "இல்ல" மட்டும் போகவில்லை

லூர்து மாமா: சரியாகச் சொன்னாய் டெனிஸ். நம் பேச்சில் "இல்லை" கடைசியில்தான் வரும். வாக்கியம் முடியும் முன்னால் கட்டைவிரலை எடுத்துவிட்டால் நல்லா இருக்கிறவனையும் கெட்டுப்போனவனாக ஆக்கிவிடும். மைக் பட்டனை அழுத்தி ஒரு மூச்சு பொறுத்துப் பேசத் தொடங்க வேண்டும், பேசி முடித்து இன்னொரு மூச்சு பொறுத்து விரலை எடுக்க வேண்டும். முக்கியமானதை இரண்டு தடவை சொல்ல வேண்டும். "பழுது இல்லை" என்பதற்குப் பதிலாக "இன்ஜின் ஓடுது" என்று சொல்லியிருந்தால் பாதி அறுந்தாலும் மீதி கெடுதல் செய்யாது. கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த எங்களுக்கு முதல் வாரமே இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஜெரால்டு: கயிற்றில் ஒரு கண், ஸ்டியரிங்கில் ஒரு கை. மூச்சு பொறுக்க நேரம் ஏது மாமா. தொண்டை கிழியக் கத்தினேன், அப்படியும் கேட்கவில்லை என்றால் செட்தான் மட்டம்

லூர்து மாமா: கத்தியதால்தான் கேட்கவில்லை.

ஜெரால்டு: அது எப்படி

லூர்து மாமா: நம் படகு செட் எஃப்.எம். அதற்கு ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் குரல் போனால் செட் உள்ளேயே குரல் அலையின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் வெட்டிவிடும். நீ கத்தக் கத்தச் சத்தம் கூடாது, எழுத்துதான் உடையும், "ப"வும் "வ"வும் ஒன்றாகிவிடும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காதே, மூன்று விரல் தள்ளிக் கன்னத்தோரம் சாய்த்துப் பிடி. காற்றுக்கு முதுகைக் காட்டு. கூண்டுக் கதவைச் சாத்து, இன்ஜின் இரைச்சல் பாதி குறையும். வீட்டில் பேசுகிற குரல் போதும்.

ரீட்டா: வீட்டில் அவன் பேசுகிற குரலே அதுதான் மாமா

ரோஸ் பெரியம்மா: அவன் அப்பாவும் அப்படித்தான்

மரியதாஸ் சித்தப்பா: நான் எப்போது கத்தினேன்

செல்வி சித்தி: (குரல் செய்தி, 4 நொடி)

டெனிஸ்: சித்தி சிரிப்பு மட்டும்தான் கேட்கிறது

ஸ்டெல்லா அத்தை: இறால் என்ன விலை போனது? ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிலோ கணவாய் எடுத்து வையுங்கள்

செல்வி சித்தி: குழுவில் விலை பேச வேண்டாம் மதினி

8:15

டெனிஸ்: ஆன்லைனில் பார்த்தேன். சி.பி. ரேடியோ என்று ஒன்று வருகிறது. 27 மெகாஹெர்ட்ஸ், நம் நாட்டில் 5 வாட் வரைக்கும் லைசென்ஸ் வேண்டாம். செட் சின்னது, குரல் கண்ணாடி மாதிரி என்று போட்டிருக்கிறான். இரண்டு வாங்கிவிடலாமா

ஜெரால்டு: லிங்க் அனுப்பு அண்ணா

லூர்து மாமா: வாங்காதீர்கள். பொறுங்கள், எழுதுகிறேன்.

ரீட்டா: ஐயோ

லூர்து மாமா: சி.பி. நல்ல சாதனம்தான், ஆனால் தரையில். ஹூஸ்டனில் கப்பல் கட்டியிருந்தபோது லாரிக்காரர்கள் 19ஆம் சேனலில் பேசுவதை நானே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். மொத்தம் 40 சேனல், 4 வாட், முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு ரோடு சொல்வதற்கு அது போதும். ஆனால் அது பெரும்பாலும் ஏ.எம். முறை. டைனமோ, மோட்டார், மின்கம்பி எது பக்கத்தில் இருந்தாலும் அதில் கரகரக்கும். சூரியனில் கரும்புள்ளி அதிகமாகிற வருடங்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவன் குரல் வந்து உன் பக்கத்துக்காரன் குரலை மூடிவிடும். ஆண்டெனாவும் அலைநீளத்தில் கால் பங்கு என்றால் இரண்டே முக்கால் மீட்டர் வேண்டும், நம் படகில் இருக்கிற வி.எச்.எஃப். செட்டுக்கு அரை மீட்டர் போதும். எல்லாவற்றுக்கும் மேலே, அருள் படகிலும் கடலோரக் காவல்படையிடமும் இருப்பது 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம். நீ 27இல் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் அதைக் கேட்கக் கடலில் ஆள் கிடையாது. கப்பல்களில் எங்களை வைத்திருந்ததே இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான். 1999 பிப்ரவரி 1ஆம் தேதி

டெனிஸ்: வந்தாச்சு

ரீட்டா: 1999 வந்தாச்சு

ஜெரால்டு: இன்று சீக்கிரமே வந்துவிட்டது

லூர்து மாமா: சிரியுங்கள். அன்றோடு செயற்கைக்கோள் முறை முழுமையாக வந்தது, புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்புகிற மோர்ஸ் போனது, ரேடியோ ஆபீசர் என்கிற வேலையும் போனது. பட்டனை அழுத்தினால் போதும், ஆள் எதற்கு என்றார்கள். பட்டனை எப்படி அழுத்துவது என்று சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல்தான் நேற்று ராத்திரி ஒரு தெருவே அழுதது.

ரோஸ் பெரியம்மா: அதுவும் சரிதான்

மரியதாஸ் சித்தப்பா: அப்போது புது செட் வேண்டாமா

லூர்து மாமா: வேண்டாம் மச்சான். இருக்கிற செட் 25 வாட், அதற்கு மேல் எதற்கு? இந்த அலை நேர்கோட்டில் போகும், பூமி வளைந்துவிட்டால் மேலே போய்விடும். ஆண்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். உங்கள் படகில் ஆண்டெனா ஆறு மீட்டரில் இருந்தால் பத்து கிலோமீட்டர், அருள் படகுக்கும் அதே பத்து, இரண்டும் சேர்ந்து இருபது. கிட்டத்தட்ட 11 கடல் மைல். நூறு வாட் வைத்தாலும் இதில் பெரிய மாற்றம் வராது. ஆனால் நேற்று நீங்கள் இருந்தது அதற்கு உள்ளேதானே ஜெரால்டு?

ஜெரால்டு: ஆறு மைல் இருக்கும்

லூர்து மாமா: அப்போது தூரம் குற்றமில்லை. ஆண்டெனா அடியில் கேபிள் சேருகிற இடத்தை போட்டோ எடுத்து அனுப்பு.

9:02

ஜெரால்டு: (படம்)

லூர்து மாமா: இதென்ன பச்சை

ஜெரால்டு: களிம்பு மாமா

லூர்து மாமா: களிம்பு என்று நீயே சொல்கிறாய். எப்போதிலிருந்து?

ஜெரால்டு: 2020 புரேவி புயலுக்கு ஆண்டெனா வளைந்ததே, அப்போது டெனிஸ் அண்ணா டேப் சுற்றிக் கட்டிக்கொடுத்தது

டெனிஸ்: தற்காலிகம் என்று சொல்லித்தான் கட்டினேன்

லூர்து மாமா: டேப் உரிந்து, உப்புத் தண்ணீர் கேபிளின் கம்பிப் பின்னலுக்குள் ஏறிவிட்டது. கேபிளும் மெல்லியது, ஆர்.ஜி. 58. நல்ல நிலையிலேயே பத்து மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை அது தின்றுவிடும், நனைந்தபின் கேட்கவே வேண்டாம். தடித்த ஆர்.ஜி. 213 பதினைந்து மீட்டர் வாங்கிக்கொண்டு, முனையை ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். சாதாரண கறுப்பு டேப் வெயிலில் இளகிவிடும். ஆண்டெனாவை இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள், அதையும் தள்ளி, குழாய்க்கு மேலே தூக்கிக் கட்டு. அப்புறம் மைக்கை அழுத்தும்போது செட் விளக்கு மங்குகிறதா?

ஜெரால்டு: கொஞ்சம் மங்கும்

லூர்து மாமா: பேசும்போது ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து வருகிற ஒயர் மெல்லியது அல்லது ஃபியூஸ் பிடிக்கும் இடம் துருப்பிடித்திருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் குரலும் சேர்ந்து இறங்கும்.

மரியதாஸ் சித்தப்பா: எவ்வளவு ஆகும்

ரீட்டா: அப்பாவுக்கு இந்த ஒன்றுதான் கேட்டது

லூர்து மாமா: இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

ஸ்டெல்லா அத்தை: சொல்லுங்கள், குடும்பத்துக்குள்தானே

லூர்து மாமா: அருள் பேசுவது ஜெரால்டுக்கும் சரியாகக் கேட்பதில்லை அல்லவா, ஒரே இரைச்சல். அது எப்போது தொடங்கியது? படகில் அந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கு மாட்டியபின்.

(எட்டு நிமிடம் யாரும் எழுதவில்லை)

ரீட்டா: அந்த விளக்கு என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது மாமா

லூர்து மாமா: தெரியும் அம்மா. அதனால்தான் யோசித்தேன். விலை மலிவான எல்.இ.டி.க்குள் கரண்டை நறுக்கிக் கொடுக்கும் சின்ன சர்க்யூட் இருக்கும், அது இதே 156 பக்கம் இரைச்சல் விடும். நான் கதை விடவில்லை, 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படையே இதற்காகக் கப்பல்காரர்களுக்கு எச்சரிக்கை விட்டது. சோதிப்பது எளிது. யாரும் பேசாத சேனலில் வைத்து, ஸ்குவெல்ச் திருகை இரைச்சல் அடங்குகிற இடம்வரை மட்டும் திருப்பி, விளக்கைப் போடு. போட்டவுடன் இரைச்சல் எழுந்தால் குற்றவாளி விளக்குதான்.

ரீட்டா: தூத்துக்குடியிலிருந்து சுமந்துகொண்டு வந்தார். பழைய விளக்கு மங்கல் என்று அப்பாதான் கேட்டார்

மரியதாஸ் சித்தப்பா: நான் கேட்கவில்லை

பிரின்ஸ் அத்தான்: பரவாயில்லை, கழற்றிவிடுங்கள் மாமா. எனக்கு ஒன்றும் இல்லை.

ரீட்டா: அவருக்கு ஒன்றும் இல்லையாம். எனக்கு இருக்கிறது. வளைகாப்புக்குப் போட்ட வளையலும் தரமில்லை என்று அன்றைக்கு யார் சொன்னது

செல்வி சித்தி: இப்போது வளையல் எங்கே வந்தது

ரோஸ் பெரியம்மா: அது ஸ்டெல்லா சொன்னது

ஸ்டெல்லா அத்தை சூசை அண்ணனைச் சேர்த்தார்

ரீட்டா இந்தச் செய்தியை நீக்கினார்

ரீட்டா இந்தச் செய்தியை நீக்கினார்

டெனிஸ்: அத்தை என்ன செய்கிறீர்கள்

ஸ்டெல்லா அத்தை: நிம்மதியாக இருக்கட்டும் என்று சேர்த்தேன். தம்பி வந்துவிட்டான் என்று அவரே படிக்கட்டும்

சூசை அண்ணன்: இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. மருமகன் நலமாகத் திரும்பியதில் மகிழ்ச்சி. படகு இன்ஜின் சரியாகிவிட்டதா?

ஜெரால்டு: இன்ஜின் ஓடுது மாமா. நல்லா ஓடுது. ஓடுது

லூர்து மாமா: நன்று. இரண்டு முறை போதும்.

10:30

மரியதாஸ் சித்தப்பா: சனிக்கிழமை படகு போக வேண்டும். அதற்குள் யார் மாற்றுவது

ஜெரால்டு: நாளை சாயங்காலம் நான் ஏறுகிறேன். மாமா கீழே நின்று சொல்லட்டும்

லூர்து மாமா: முழங்கால் இருக்கிற நிலையில் ஜெட்டிவரை வரமுடியாது. வீடியோ போடு. அருளிடமும் சொல், அவன் ஸ்குவெல்ச்சை இறுக்கி வைத்திருந்தால் மெலிந்த குரல் எதுவும் உள்ளே வராது, குற்றம் பாதி கேட்கிறவனிடமும் இருக்கும். அப்புறம் 16ஆம் சேனலில் கதை பேசாதீர்கள், பாட்டுப் போடாதீர்கள். கூப்பிட்டவுடன் 72க்கோ 77க்கோ மாறிவிடுங்கள். உண்மையிலேயே ஒருவன் மூழ்கும்போது கூப்பிடுகிற இடம் 16. போன் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஜெரால்டு: பாட்டு நான் போடவில்லை மாமா

டெனிஸ்: கேபிள் நான் சென்னையில் வாங்கி அனுப்பட்டுமா? நாளைக்குள் வராது

பிரின்ஸ் அத்தான்: தூத்துக்குடியில் கிடைக்கும். நான் வாங்கி இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்

ரீட்டா: நீங்கள் ஒன்றும் வாங்க வேண்டாம்

செல்வி சித்தி: ரீட்டா

மரியதாஸ் சித்தப்பா: கேபிள் காசு நான் தருகிறேன் மாப்பிள்ளை. வாங்கிவிடுங்கள். விளக்கைப் பற்றி அப்புறம் பார்ப்போம்

டெனிஸ்: சித்தப்பா "பார்ப்போம்" சொன்னால் அடுத்த மீன்பிடித் தடைக்காலம்வரை அந்த விளக்கு அங்கேதான்

லூர்து மாமா: பேசும் நேரம் மட்டும் விளக்கை அணைத்தாலும் போதும்.

ஜெரால்டு: இருட்டில் மைக்கைத் தேடவா

சூசை அண்ணன்: எந்த விளக்கு? எங்கள் வீட்டில் இரண்டு புது விளக்கு இருக்கிறது, கொடுத்துவிடவா?

செல்வி சித்தி: வேண்டாம் அண்ணே, உங்களுக்கு எதற்குச் சிரமம்

ஸ்டெல்லா அத்தை: வாங்கிக்கொள் செல்வி, தருகிறேன் என்கிறாரே

ரீட்டா குழுவை விட்டு வெளியேறினார்

ரோஸ் பெரியம்மா: கணவாய் இரண்டு கிலோவாக எடுத்து வையுங்கள்