ஏறித் தொடங்குறதா, இறங்கித் தொடங்குறதா? புதுசா நடக்கப் போறவங்களுக்கு

கவ்வாத்துக்கத்தி:
நேத்து சோம்பல் பத்தின திரியில மலைமுரசு எழுதினது இது: "மலைநாட்டுல இருக்கிறவனுக்கு ஜிம் எதுக்கு? லயத்து வரிசை வீடுகளுக்கு மேல இருக்கிற குறுக்குவழிப் படியில காலைல 5 மணிக்கு ஓடி ஏறு, ஓடி இறங்கு. 21 நாள் பல்லைக் கடிச்சா பழக்கமாயிடும். முடியாதவன் மனசு இல்லாதவன்."

அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல். அந்தக் கைதட்டலைப் பார்த்துத்தான் தனித் திரி போடுறேன். இப்படியான பேச்சைக் கேட்டுத்தான் நம்ம ஆளுங்க நாலாம் நாளே நிறுத்துறாங்க.

குறுக்குல ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்யுது. இறங்கும்போது அதே தசை நீண்டுகிட்டே உடம்புப் பாரத்தை லொறி பிரேக் மாதிரி பிடிச்சு நிறுத்துது. பழக்கமில்லாத தசையைக் காயப்படுத்துறது இந்த ரெண்டாவது வேலைதான். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. 12 மணித்தியாலத்துல இருந்து 24 மணித்தியாலத்துக்குள்ள வலி தொடங்கும், ரெண்டாம் மூணாம் நாள் உச்சத்துல நிக்கும். கக்கூஸ்ல குந்த முடியாது, பஸ் படியில கால் தூக்க முடியாது. அப்படி இருக்கிறவங்கிட்ட போய் "உனக்கு மனசில்ல"ன்னு சொன்னா அவன் ஏன் திரும்ப வர்றான்?

ஒழுங்கா உடற்பயிற்சி செய்யப் புதுசா தொடங்குறவங்க லொறிப் பாதையில ஏறுங்க, குறுக்கு வேணாம். 4 நிமிஷம் ஏறுங்க, நின்ன இடத்துலயே திரும்பி இறங்கி வாங்க. ஏறும்போது ஒரு முழு வசனம் கதைக்க முடியணும். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினா வேகம் கூடிப்போச்சு. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் வாரத்துக்கு 2 நிமிஷம் கூட்டுங்க. குறுக்குப் படியை அஞ்சாவது வாரத்துல தொடலாம். முதல்ல ஏற்றம், கடைசியில இறக்கம். இந்த ஒழுங்கை மாத்தாதீங்க.

மலைமுரசு:
4 நிமிஷமா? நாலு நிமிஷத்துல பிளேன்டீ கூட ஆறாது. நம்ம பாட்டன் பூட்டன் இந்த மலையைக் காடு வெட்டித் தோட்டமாக்கினவங்க. அவங்க பேரன் 4 நிமிஷம் நடந்துட்டு வந்து உக்காரணுமாம். மனசை முதல்ல கட்டணும், தொடை தானா கட்டும். 21 நாள் 21 நாள்தான்.

ஊவாக்காத்து:
மலைமுரசு சொன்ன ஓட்டத்தை நானும் ஏத்துக்கல. ஆனா கவ்வாத்து அண்ணே, "முதல்ல ஏற்றம்"ங்கிறது அதைவிடப் பெரிய பிழை. காலைல படுக்கையில இருந்து எழும்பி, தசை குளிர்ந்து கிடக்கும்போது நேரா ஏற்றத்துல விட்டா இதயத்துடிப்பு ஒரேயடியா குதிக்கும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்க காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய அஞ்சுல நாலு பங்குதான். இறங்கித் தொடங்கினா உடம்பு மெல்ல சூடாகும், அப்புறம் ஏறலாம்.

இன்னொண்ணு, ஊக்கம் பத்தித்தானே கதைக்கிறோம்? கீழ இறங்கினவன் வீட்டுக்கு ஏறி வந்தே ஆகணும். பாதியில விட வழியே இல்ல. மேல ஏறுறவன் எந்த வளைவுலயும் திரும்பிடலாம்.

கவ்வாத்துக்கத்தி:
மாஸ்டர், நீங்க குறைன்னு சொல்றதுதான் அதோட பலம். எந்த வளைவுலயும் திரும்பலாம்ங்கிற தைரியம் இருந்தாத்தான் ஆள் முதல்ல வாசலைத் தாண்டும். இறங்கிப் போனா திரும்பி வர்ற ஏற்றம் கடனா நிக்கும். களைச்சுப் போன நேரத்துல அந்தக் கடனை அடைக்கணும். வீட்டுக்குள்ள வரும்போது நாக்குத் தள்ளும். மனசுல தங்குறது அந்தக் கடைசி நிமிஷம்தான்.

2016ல ஒரு ஆய்வு வந்துச்சு. 15 நிமிஷம் சைக்கிள் மிதிக்கிற பயிற்சியை ஒரு குழுவுக்கு இலேசுல தொடங்கிக் கடுமையில முடிச்சாங்க, மத்தக் குழுவுக்குக் கடுமையில தொடங்கி இலேசுல முடிச்சாங்க. ரெண்டுக்கும் மொத்த வேலை ஒண்ணுதான். கடைசி இலேசா இருந்தவங்கதான் பயிற்சி சந்தோஷமா இருந்துச்சுன்னு சொன்னாங்க. ஏறித் தொடங்குங்கன்னு சொல்றது அதுக்காகத்தான்.

குளிர்ந்த தசைக்கு வழி இருக்கு. வீட்டு முன்னால இருக்கிற இஸ்தோப்புலயே 2 நிமிஷம் நின்ன இடத்துல நடங்க, குதிகாலை 15 தரம் தூக்கி இறக்குங்க. அதுக்கப்புறம் ஏறுங்க. சூடாக்குறதுக்கு இறக்கம் எதுக்கு?

புதுக்கணக்கு:
கொஞ்சம் நில்லுங்க. "ஒழுங்கா உடற்பயிற்சி"ன்னா வாரத்துக்கு எத்தனை நாள்? "புதுசா தொடங்குறவர்"ன்னா யாரு? 25 வயசுப் பிள்ளையா, 55 வயசு சீனி வருத்தக்காரரா? அதைச் சொல்லாம ஏற்றம் இறக்கம் கதைச்சு என்ன பிரயோசனம்?

ஊவாக்காத்து:
சைக்கிள் மிதிக்கிற ஆய்வை மலைக்குக் கொண்டு வர்றீங்க. மலையிலயே செஞ்ச ஆய்வு ஒண்ணு இருக்கு, அதை ஏன் மறைக்கிறீங்க? ஆஸ்திரியாவுல ஆல்ப்ஸ் மலையில, உடல் அசைவு குறைஞ்சவங்களை ரெண்டு மாசம் ஏற மட்டும் வச்சாங்க, ரெண்டு மாசம் இறங்க மட்டும் வச்சாங்க. மத்தப் பக்கத்துக்குக் கேபிள் கார். ஏறினவங்களுக்கு இரத்தத்துல ட்ரைகிளிசரைட்ங்கிற கொழுப்பு குறைஞ்சுச்சு. இறங்கினவங்களுக்குச் சீனியைத் தாங்குற சக்தி கூடுச்சு. சீனி வருத்தம் நிறைஞ்ச நம்ம ஊருக்கு எது முக்கியம்? இறக்கம் பகையாளி இல்ல அண்ணே.

கவ்வாத்துக்கத்தி:
இறக்கம் பகையாளின்னு நான் எங்க எழுதினேன்? காட்டுங்க. முதல் வாரத்துல கொஞ்சமா குடுங்க, கடைசியில குடுங்கன்னுதான் எழுதினேன். அந்தக் கொஞ்சம் கட்டாயம் வேணும். இலேசான இறக்கம் ஒருதரம் பட்ட தசை, அடுத்த சில வாரத்துக்கு அதே வேலையில முன்ன மாதிரி வலிக்காது. 4 நிமிஷம்னு வச்சதுக்குக் காரணம் அதுதான். மலைமுரசுக்கு இது பிளேன்டீ ஆறுற நேரமாத் தெரியுது.

ஆல்ப்ஸ்ல கேபிள் கார் இருந்துச்சு. நம்ம தோட்டத்துல யாரு மேல இருந்து கூட்டிட்டு வர்றது? ரெண்டையும் சொந்தக் காலாலதான் முடிக்கணும். அப்போ எது முதல்ல? ஏற்றம்தான்.

ஊவாக்காத்து:
களைச்ச தொடையோட இறங்குறதுதான் ஆபத்து! பிரேக் பிடிக்கச் சக்தி இல்லாத நேரத்துல, பனி ஈரத்துல, பாசி பிடிச்ச கல்லுல இறக்கி விடுறீங்க. முழங்கால் சில்லுக்கு இறங்கும்போதுதான் அழுத்தம் அதிகம். விழுறதும் இறங்கும்போதுதான். தெம்பு இருக்கும்போதே இறங்கிடணும். இதுக்குப் பதில் சொல்லாம சுத்திப் போறீங்க. போன மாசம் விளையாட்டுப் போட்டித் திரியிலயும் இதையேதான் செஞ்சீங்க.

கவ்வாத்துக்கத்தி:
அந்தத் திரியில நான் சொன்னது இன்னும் அப்படியேதான் நிக்குது. ஓடுறதுக்கு முன்னாடி காலை நீட்டிப் பிடிச்சா மறுநாள் வலி வராதுன்னு நீங்க எழுதினீங்க. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல, அதால வலி குறையிறது கணக்குல எடுக்க முடியாத அளவுன்னுதான் வந்துச்சு. அந்தக் கோபத்தை இங்க இறக்காதீங்க மாஸ்டர்.

4 நிமிஷம் கதைச்சுக்கிட்டு ஏறினவனுக்கு எந்தத் தொடை களைக்குது? எப்படி இறங்கணும்னும் கேட்டுக்குங்க: அடியைச் சின்னதா வைங்க, முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே வைங்க, உடம்பைப் பின்னால சாய்க்காதீங்க. சாய்ச்சா குதிகால் வழுக்கும். இறங்குற பக்கம் ஒரு தடி ஊணினா முழங்காலுக்குப் பாரம் குறையும். குறுக்குல இறங்காதீங்க, லொறிப் பாதையில வளைஞ்சு வளைஞ்சு வாங்க.

நானுஓயா22:
ஏன் அண்ணே இவ்வளவு சண்டை? ரயில் பாதையில நடந்தா ஏற்றமும் இல்ல, இறக்கமும் இல்ல. மலைநாட்டுப் பாதையில ஆகக் கூடின சரிவே 44க்கு 1தான், 44 அடி போனா 1 அடி ஏறும். இதைவிடச் சமதரை எங்க கிடைக்கும்?

கொழுந்துக்கூடை:
தம்பி, தயவுசெஞ்சு இதை யாருக்கும் சொல்லாதீங்க. அது சட்டப்படியும் குற்றம். பனி மூடினா வளைவுல ரயில் வர்றது கண்ணுக்குத் தெரியாது, சுரங்கத்துக்குள்ள ஒதுங்க இடம் கிடையாது. சிலிப்பர் கட்டை உங்க அடிக்கு ஏத்த தூரத்துலயும் இருக்காது. கால் தடுக்கிக் கணுக்கால் பிசகும். காதுல பாட்டு மாட்டிக்கிட்டு அதுல நடக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிறு எரியுது.

நானுஓயா22:
ஊரே அதுலதான் நடக்குது அக்கா. ரயில் நேரம் எல்லாருக்கும் தெரியும்.

கொழுந்துக்கூடை:
ரயில் எந்த நாளு நேரத்துக்கு வந்துச்சு?

இப்போ ஏற்றம் இறக்கம் கதைக்கிற ரெண்டு பேருக்கும் ஒண்ணு கேக்குறேன். ஏறினா மூச்சு வாங்குதுன்னு ஒரு பொம்பளை சொன்னா அது சோம்பலா? தோட்டத்துப் பொம்பளைங்கள்ல இரத்தசோகை எவ்வளவு பேருக்கு இருக்கு, அதைப் பத்தி ஒருத்தரும் ஒரு வரி எழுதல. ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தா, ஊக்கம் ஊக்கம்னு ஆயிரம் தரம் சொன்னாலும் கால் எழும்பாது. முதல்ல இரத்தம் சோதிக்கணும். சோத்தோட சேர்த்துச் சாயத்தேத்தண்ணி குடிக்கிறதை நிறுத்தணும், தேயிலை இரும்புச் சத்தை உடம்புல சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க. முருங்கைக்கீரையோட தேசிக்காய் பிழிஞ்சு சாப்பிடுங்க. இதுக்கப்புறம் வந்து ஏறச் சொல்லுங்க.

மலைமுரசு:
கொழுந்து பறிக்கிறவங்களுக்கு உடற்பயிற்சியே தேவையில்ல. நாள் முழுக்க மலையில நிக்கிறாங்க. இந்தத் திரி டவுன்ல குந்திக்கிட்டு இருக்கிறவங்களுக்கு.

கொழுந்துக்கூடை:
நாள் முழுக்க நிக்கிறது வேற. தலையில கயித்தை மாட்டி முதுகுல பாரம் தொங்க, குனிஞ்ச கழுத்தோட ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யிறாங்க. நெஞ்சை விரிக்கிற, முதுகை நிமிர்த்துற அசைவு ஒண்ணும் அதுல இல்ல. அவங்களுக்குத் தேவை ஏற்றமும் இல்ல, இறக்கமும் இல்ல. சுவத்துல கை ஊணித் தள்ளுற பயிற்சி 8 தரம், கதிரையில இருந்து கை ஊணாம எழும்பி உக்கார்றது 8 தரம், ரெண்டு சுத்து, வாரத்துக்கு ரெண்டு நாள். செலவு இல்ல, மழையில நனையவும் வேணாம்.

வாவிக்கரை:
கண்டிக்கு வாங்க. வாவியைச் சுத்தினா மூணு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, முழுக்கச் சமதரை, நிழல், ஆள் நடமாட்டம். ஏற்றமா இறக்கமான்னு பிரச்சினையே வராது.

ஊவாக்காத்து:
ஹப்புத்தளையில இருக்கிறவர் தினம் கண்டிக்கு வந்து நடக்கணுமா? உங்களுக்கு எப்பவும் கண்டிதான் உலகம்.

கவ்வாத்துக்கத்தி:
21 நாள் விஷயத்தை முடிச்சிடுறேன், மலைமுரசு அதை விடுறதா இல்ல. அந்தக் கணக்கு மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு அமெரிக்க டொக்டர் 1960ல எழுதினதுல இருந்து வந்தது. அவர் முக அழகு சத்திரசிகிச்சை செஞ்சவர். புது முகம் நோயாளிக்குப் பழக ஆகக் குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினார். குறுக்குப் படிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. லண்டன்ல 96 பேரை வச்சு செஞ்ச ஆய்வு 2009ல வெளிவந்துச்சு. பழக்கம் தானா நடக்கிற அளவுக்கு வர்றதுக்கு 18 நாள்ல இருந்து 254 நாள் வரைக்கும் போச்சு, நடுக்கணக்கு 66 நாள். ஒருநாள் தவறினா ஒண்ணும் கெட்டுப் போகலன்னும் அதுல இருக்கு. இதைத்தான் எல்லாருக்கும் சொல்லணும். 22ஆம் நாளும் கஷ்டமா இருக்குன்னா நீங்க தோத்துப் போகல.

ஊக்கம் வர்றதுக்காகக் காத்திருக்கவும் வேணாம். "காலைல நடப்பேன்"னு சொல்லாதீங்க. "கேத்தலை அடுப்புல இருந்து இறக்கினதும் சப்பாத்து மாட்டுவேன், மழை பெய்ஞ்சா இஸ்தோப்புல கதிரைப் பயிற்சி 8 தரம் செய்வேன்"னு முன்கூட்டியே முடிவு பண்ணுங்க. மே மாசம் தென்மேல் பருவமழை வந்தா இந்த ரெண்டாவது வரி இல்லாதவங்க எல்லாரும் நின்னு போயிடுவாங்க. சப்பாத்தை ராத்திரியே கதவுக்குப் பக்கத்துல வைங்க. 5 மணி வேணாம், வெளிச்சம் வந்த பிறகு போங்க. இருட்டுல தேயிலைக்குள்ள சிறுத்தைப் புலி நடமாடும். குளவிக்கூடு இருக்கிற மரத்துப் பக்கம் போகாதீங்க. அட்டைக்குக் காலுறையை மேல இழுத்து சவுக்காரம் பூசுங்க. சீனிக்கு மருந்து எடுக்கிறவங்க வெறும் வயித்துல போக வேணாம், சட்டைப் பையில ரெண்டு டொபி வச்சுக்குங்க. நெஞ்சு இறுகினா, இடது கைக்கு வலி பரவினா நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

இவ்வளவும் செஞ்சுட்டு, ஏறித் தொடங்குங்க.

மலைமுரசு:
வெள்ளைக்காரன் 96 பேரை வச்சுச் சொன்னா வேதம், நம்ம ஆள் சொன்னா பிழை. சிவனொளிபாதமலைக்கு ஏறுற கிழவிகளுக்கு யாரு 4 நிமிஷம் கணக்குப் போட்டுக் குடுத்தா? நல்லதண்ணிப் பக்கம் அஞ்சாயிரத்துக்கு மேல படி. மனசுதான் ஏத்துது.

கவ்வாத்துக்கத்தி:
வருஷத்துக்கு ஒரு தரம் ஏறுறாங்க. மறுநாள் கம்பியைப் பிடிச்சுப் பக்கவாட்டுலதான் பஸ்ல இருந்து இறங்குறாங்க. ஒருதரம் சாதிக்கிறதும் வாரத்துக்கு மூணு நாள் செய்யிறதும் ஒண்ணில்ல. உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வாரத்துக்கு 150ல இருந்து 300 நிமிஷம் மிதமான அசைவு. ஒரே தடவையில 10 நிமிஷமாவது இருக்கணும்ங்கிற பழைய நிபந்தனையையும் எடுத்துட்டாங்க. அதனால 4 நிமிஷமும் கணக்குல சேரும்.

புதுக்கணக்கு:
நான் கேட்ட கேள்விக்கு இப்போதான் பாதிப் பதில் வந்திருக்கு. 55 வயசுக்காரர்?

ஊவாக்காத்து:
55 வயசுக்காரரை வச்சே சொல்றேன், அவருக்கு இறக்கம்தான் முதல்ல. காலைக் குளிர்ல ஏற்றத்துல விட்டா பிரஷர் ஏறும்.

கவ்வாத்துக்கத்தி:
55 வயசுக்காரர் முழங்காலோட இறங்கிப் போய், திரும்பி ஏற முடியாம பாதி வழியில த்ரீவீல் பிடிச்சா அடுத்த நாள் வருவாரா? அவருக்கும் ஏற்றம்தான் முதல்ல. வேணும்னா 2 நிமிஷம்.

வாவிக்கரை:
சப்பாத்து சப்பாத்துன்னு சொல்றீங்க, இன்னைக்கு ஒரு சோடி என்ன விலைன்னு தெரியுமா? ரப்பர் செருப்போட நடந்தா ஆகாதா?

ஊவாக்காத்து:
சமதரையில நடக்கிறவங்களுக்கு ஆகும். இறக்கத்துல செருப்பு முன்னால வழுக்கும், விரல் இறுகிப் பிடிச்சுப் பிடிச்சுக் கெண்டைக்கால் வலிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடுற கென்வஸ் சப்பாத்து, அடியில கோடு தேயாததா இருந்தா போதும். இறங்கித் தொடங்குறவங்களுக்கு இது கட்டாயம்.

கவ்வாத்துக்கத்தி:
பார்த்தீங்களா, இறங்கித் தொடங்கணும்னா முதல்ல காசு செலவழிக்கணும்.

ஊவாக்காத்து:
ஏறினவன் இறங்காமலா வர்றான்? அவனுக்கும் அதே சப்பாத்துதான் அண்ணே! எழுதுறதை ஒருதரம் வாசிச்சுட்டுப் போடுங்க.

கவ்வாத்துக்கத்தி:
நான் வாசிச்சுட்டுத்தான் போடுறேன். நீங்க அந்த 2016 ஆய்வைப் பத்தி இன்னும் ஒரு வரி எழுதல.