சேது கால்வாய்: வாருற சேறு எங்கே போகும்?

முத்துநகர்வாசி:
பாக் விரிகுடா வழியா கப்பல் போகக் கால்வாய் தோண்டுற சேது சமுத்திரத் திட்டத்தை நிறைவேற்றணும்னு 2023 ஜனவரி 12-ல் நம்ம சட்டமன்றம் ஒருமனதா தீர்மானம் போட்டுச்சு. அதுக்கப்புறமும் "தோண்டினா கடல் செத்துடும்"னே எழுதிட்டு இருக்காங்க. தூர்வாரும் வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். கலங்காம தோண்ட முடியாது. எவ்வளவு கலங்கலாம்னு கட்டுப்படுத்த முடியும். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவுல ஓரெசுண்ட் பாலம் கட்டினப்போ, வாருற மண்ணில் சராசரி 5 சதவீதத்துக்கு மேல கடல்ல சிந்தக் கூடாதுன்னு வரம்பு வச்சாங்க. அளந்து பாத்துக் கடைப்பிடிச்சாங்க. 2000-ல பாலம் திறந்தாச்சு.

பாம்பன் கரை:
அண்ணாச்சி, அங்கே வாரினது சுமார் 70 லட்சம் கன மீட்டர். சேதுவுக்குப் போட்ட கணக்கு 8 கோடிக்கு மேல. அதுல 5 சதவீதம்னாலே 40 லட்சத்தைத் தாண்டுது. அவங்க மொத்தமா வாரினதுல பாதிக்கு மேல நம்ம கடல்ல சிந்தலாம்னு ஆகுது.

எங்க அப்பா வலை விடுறதுக்கு முன்னாடி கையைத் தண்ணிக்குள்ள விடுவார். முழங்கை வரைக்கும் முங்கினப்புறமும் விரல் தெரிஞ்சா தெளிவு; தெரியலைன்னா கலங்கல். தண்ணி தெளிவா இருந்து வெளிச்சம் அடி வரைக்கும் போனாத்தான் கடல்புல் வளரும். ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, அதுதான் சாப்பாடு, ஒரு நாளைக்கு 30, 40 கிலோ மேயும். அதுக்காகத்தான் 2022 செப்டம்பர்ல பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமா இதே மாநிலம் அறிவிச்சுது. நாலு மாசத்துல அதே விரிகுடாவைத் தோண்டணும்னு தீர்மானம்!

மீன்வள மாணவி:
மியாமி துறைமுகத்தை 2013 முதல் 2015 வரை ஆழப்படுத்தினாங்க. அங்கேயும் கண்காணிப்பு, நிபந்தனை எல்லாம் இருந்துச்சு. பின்னாடி வந்த ஆய்வு, கால்வாயை ஒட்டின 500 மீட்டருக்குள்ளயே 5 லட்சத்துக்கும் மேல பவளங்கள் செத்ததா கணக்குச் சொல்லுது. வண்டல் மேல படிஞ்சு மூடிடுச்சு.

முத்துநகர்வாசி:
மியாமியில் தப்பு நடந்தது உண்மை. நிறுத்த வேண்டிய நேரத்துல நிறுத்தலை. டிரெட்ஜரோட, அதாவது தூர்வாருற கப்பலோட, கிடங்கு நிரம்பும்போது மேல வழியுற சேத்துத் தண்ணிதான் பெரிய வில்லங்கம். அதை வழியவிடாம பாதியிலேயே கப்பலைத் திருப்பலாம். செலவு கூடும், ஆனா முடியும். பவளம் முட்டையிடுற காலத்துல வேலையையே நிறுத்தலாம்.

இன்னொண்ணு. மன்னார் வளைகுடாவுல விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ரெண்டு தீவும் முங்கினது பவளப்பாறையை வெட்டி எடுத்ததால; டிரெட்ஜரால இல்ல. வருஷம் முழுக்க அடித்தரையைக் கிளறுற இழுவைமடி வலையைப் பத்தி ஏன் தம்பி யாரும் பேச மாட்டேங்கிறீங்க?

பாம்பன் கரை:
பேசுறேன். இழுவைமடி கெடுக்குது, எங்க ஆளுங்கதான் இழுக்கிறாங்க. அதை நிறுத்தணும்னுதான் நாட்டுப்படகுக்காரங்க நாங்க சொல்லிட்டே இருக்கோம். அடி வாங்கின கடலுக்கு இன்னொரு அடி எதுக்குன்னுதான் கேக்குறேன். தீவு முங்கினதும் அதே பாடம்தான்: பவளப்பார் போனா அலையைத் தடுக்க ஆளில்ல.

சேறு பரவாம திரை கட்டுவோம்னும் சொல்வாங்க. நீரோட்டம் இழுக்கிற இடத்துல திரை நிக்காதுன்னு உங்களுக்கே தெரியும். வாடையில, அதாவது வடகிழக்குப் பருவத்துல, பாக் விரிகுடாத் தண்ணி மன்னார் வளைகுடா பக்கம் ஓடும்; சோளகத்துல, தென்மேற்குப் பருவத்துல, திரும்பி வரும். எந்தப் பக்கம் கலங்கினாலும் இன்னொரு பக்கத்துக்கும் பங்கு உண்டு. பாக் விரிகுடா வண்டல் சேருற குடா, அதனால ஒரு தடவையோட முடியாது. திரும்பத் திரும்ப வாரணும்.

முத்துநகர்வாசி:
பராமரிப்புத் தூர்வாரல் பத்திச் சொன்னது சரி, அந்தச் செலவைத் திட்டக்காரங்க எப்பவும் குறைச்சுத்தான் காட்டுவாங்க. ஆனா திட்டமே வேண்டாம்கிறதை ஏத்துக்க மாட்டேன். வேலையை நிறுத்துற அதிகாரத்தை ஒப்பந்தக்காரர் கையில விடாம, மீனவர்களும் இருக்கிற குழுகிட்ட கொடுக்கட்டும். அதுக்கு முதல் கையெழுத்து நான் போடுறேன்.

பாம்பன் கரை:
கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு அண்ணாச்சி. ஒரு முழு வருஷம், வாடையிலும் சோளகத்திலும், தண்ணி எந்த இடத்துல எவ்வளவு தெளிவுன்னு அளந்து அந்தக் கணக்கை எங்க ஊர்ல தமிழ்ல ஒட்டட்டும். அது இல்லாம, கலங்கல் கூடிப்போச்சுன்னு அந்தக் குழு எதை வச்சுச் சொல்லும்?